தளபதிக்குப் புளி போட்ட சனிக்கிழமை

சுத்தம் சோறு போடும் என்று முதன்முதலில் சொன்ன மனிதரைச் சந்திக்க எனக்கு நெடுநாள் ஆசை. சண்டை பிடிப்பதற்கல்ல. "ஐயா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் எதைச் சுத்தம் பண்ணலாம், எதைப் பண்ணக்கூடாது என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாமே" என்று பணிவாகக் கேட்பதற்கு. அந்த ஒரு வரி இல்லாத குறையால், இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ஒரு சனி ஞாயிறுக்குள் என் வீட்டையும் புருஷனையும் ஒன்றாகத் தொலைக்கப் பார்த்தேன். கூடவே ஒரு புனிதரின் மூக்கும் போனது. (மூக்கு போனது போனதுதான். மற்ற இரண்டின் கதையை இனிச் சொல்கிறேன்.)

அப்போது எனக்குக் கலியாணம் முடிந்திருந்தது, ஆனால் புருஷன் இல்லை. அதாவது இருந்தார், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தார். அங்கேயே தாலி கட்டி, சாப்பாடு போட்டு, படம் எடுத்து, அந்தப் படங்களோடு நான் மட்டும் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து அண்ணா வீட்டில், பிள்ளைகளின் அறையில், இரட்டைத் தட்டுக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டேன். முப்பதை நெருங்கும் பெண், தலைக்கு மேலே ஒட்டுப் படத்து டைனோசர்களைப் பார்த்துக்கொண்டு புருஷனை நினைப்பது அவ்வளவு சுலபமில்லை.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி நல்லவர். "கணவர் வரலாம். ஆனால் எங்கே படுப்பார்?" என்று கேட்டார். இருவருக்குப் போதுமான வீடு, அதற்கு ஒரு வாடகை ஒப்பந்தம், அதில் வீட்டுக்காரரின் கையெழுத்து. அது வந்தால்தான் விசாக் காகிதம் நகரும். மேல்தட்டில் கொஞ்சம் இடமிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். துணைக்கு வந்திருந்த மச்சாள், அண்ணாவின் மனைவி, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். சொன்னவர் வெளிநாட்டில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்கமாட்டார். போனில் என் முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீடு வேறு யாருக்கோ போயிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பழத்தின் பெயர் ஹெர் ஓஸ்டர்மான், அதாவது திருவாளர் ஓஸ்டர்மான்.

பள்ளிக்கூடத்தில் இலத்தீனும் கிரேக்கமும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை முடிந்த பிறகு, கிழமையில் இரண்டு பின்னேரம் அவர் வீட்டைத் துடைத்துக் கொடுப்பேன். யோகராணி என்ற பெயரை அவர் முதல் நாளே வெட்டி "ஃப்ராவ் யோகா", அதாவது திருமதி யோகா, ஆக்கிவிட்டார். "இன்று யோகா வருகிறது" என்று அவர் சொல்வதைக் கேட்ட அயலவர்கள், மனிதர் இந்த வயதிலும் உடம்பை வளைக்கிறாரே என்று வியந்துபோயிருந்தார்கள். அவர் வீட்டு மேல்மாடி காலியாக இருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, அதை எனக்கே தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்கியமான விருந்தாளி வருகிறார், அவரை வழியனுப்பிவிட்டுக் கையெழுத்து வைப்போம் என்றார். ஒப்பந்தம் தட்டெழுத்தில் தயாராக மேசையில் கிடந்தது. பேனாகூடப் பக்கத்தில் இருந்தது.

அந்த விருந்தாளி வந்ததற்கு ஒரு ஈயத்துண்டுதான் காரணம்.

ஹெர் ஓஸ்டர்மானுக்கு உலகத்தில் ஒரே ஆசை, பழைய ஈய முத்திரைகள். ஆயிரம் வருடங்களுக்கு முன், கொன்ஸ்தாந்திநோப்பிளில் கிரேக்கச் சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில், கடிதத்தைச் சுருட்டி நூலால் கட்டி, அந்த நூலின் மேல் ஈய வில்லை ஒன்றைக் கோத்து இரண்டு பக்கமும் நசுக்கி அச்சுக் குத்துவார்களாம். ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் அனுப்புகிறவரின் பெயரும் பதவியும். அந்த ஈயம் தொங்கினால்தான் கடிதத்துக்கு மதிப்பு. இதை அவர் முதன்முதலில் விளக்கியபோது நான் தலையை ஆட்டினேன், அதுவும் மனதாரத்தான். ஜெர்மனியில் வாழும் தமிழருக்கு முத்திரையின் மகிமையை யாராவது சொல்லித் தர வேண்டுமா? ஷ்டெம்பல் இல்லாத காகிதமும் உப்பில்லாத கஞ்சியும் ஒன்று.

அந்த முத்திரைகளில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை. மற்றதெல்லாம் இழுப்பறைகளில் கிடக்க, இது ஒரு சுருட்டுப் பெட்டியில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது. அதன் சொந்தக்காரர் ஜோர்ஜியா நாட்டுப் பிரபு ஒருவராம். மலைநாட்டில் பிறந்து, அங்கே பிழைப்பில்லாமலோ பகையாலோ இறங்கி வந்து, கிரேக்கச் சக்கரவர்த்தியின் படையில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய தளபதி என்பது ஹெர் ஓஸ்டர்மானின் உறுதியான நம்பிக்கை. அப்படிப் பல ஜோர்ஜியர்கள் வந்தார்களாம், பட்டமும் பதவியும் பெற்றார்களாம், தங்கள் மலைநாட்டுப் பெயர்களைக் கிரேக்க எழுத்தில் நெருக்கி அடித்துத் தங்கள் கடிதங்களில் தொங்கவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதரில் ஒரு பட்சம் வந்துவிட்டது. பிறந்த ஊரை விட்டு வந்து, ஊரான் நாட்டில் வேலை செய்து, தன் பெயரை ஊரான் எழுத்தில் எழுதிக்கொண்டவர். வேறு யார், எங்கட ஆள்தானே.

ஆனால் எங்கட ஆளின் கோலம் சரியில்லை. முத்திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்புக் கறள் பிடித்ததுபோல இருந்தது. பின்பக்கத்து எழுத்து பாதிக்குமேல் தெரியவில்லை. அதை வாசிக்கத்தான் ஜோர்ஜியாவிலிருந்து பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சிக்கு வந்திருந்த நீனோ என்ற பெண் அந்த ஞாயிறு வருகிறாள். முன்பக்கத்தில் ஒருவர் நெட்டுக்கு நிற்கிறார், தலையைச் சுற்றி ஒளிவட்டம், கையில் நீளமாக ஒரு ஈட்டி. ஹெர் ஓஸ்டர்மான் அவரை ஏதோ புனிதர் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒளிவட்டத்தோடு நின்றபடி கையில் வேல் பிடித்திருக்கிறவர் யார் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும், ஃப்ராவ் யோகா" என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கமாகச் சொல்லும் பழமொழியையும் சொன்னார். சும்மா இருக்கிறவன் துருப்பிடிப்பான் என்பது ஜெர்மன்காரரின் முதுமொழி. எனக்குப் பழமொழி என்றால் உயிர். எந்த ஊர்ப் பழமொழியையும் மடியில் கட்டிக்கொள்வேன். இதையும் கட்டிக்கொண்டேன். இந்த வீட்டில் துருதான் பகை என்று முடிவும் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர் விருந்தாளிக்காகத் தலைமயிர் வெட்டப் போனார். வீட்டில் நானும் வாளியும். அன்று நான் என் பித்தளைக் குத்துவிளக்கையும் கொண்டு போயிருந்தேன். ஞாயிறு கையெழுத்து விழுந்த கையோடு மேல்மாடியில் விளக்கேற்றிப் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது திட்டம். (கையெழுத்து விழும் முன்னே பாலுக்குச் சட்டி வாங்கியவள் நான்.) கொழும்பிலிருந்து சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்த விளக்கு கறுத்துப்போய் இருந்தது. ஹெர் ஓஸ்டர்மானின் சமையலறையில் ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்து விளக்கை அதற்குள் இறக்கினேன். சற்று நேரத்தில் கறுப்பு கழன்று, தங்கம்போல ஒரு சிரிப்புச் சிரித்தது பாருங்கள், எனக்கே கண் கூசியது.

அப்படிச் சிரித்த விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பறைப் பக்கம் போனது என் விதி. சுருட்டுப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே அவர், அதே வெள்ளைப் பூப்போடு. நாளைக்கு அவருடைய சொந்த ஊரிலிருந்து ஒரு பெண் பார்க்க வருகிறாள். ஊரிலிருந்து ஆள் வரும்போது குளிக்காமல் கொள்ளாமல் இருக்கிற ஆணைப் பார்த்தால் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத்தான் மனம் கேட்கும்? ஹெர் ஓஸ்டர்மான் பாவம், தனி மனிதர், வீட்டில் வெள்ளிக்கிழமையில் வெண்கலம் விளக்க ஒரு கை இல்லை என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தால் நாளைக் கையெழுத்து இன்னும் அழுத்தமாக விழும் என்றும் நினைத்தேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இருந்தாலும் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மச்சாளுக்குப் போன் எடுத்தேன். புத்திசாலிகள் முத்திரையின் சொந்தக்காரரைக் கேட்டிருப்பார்கள்.

"மச்சாள், சாமி படம் போட்ட பழைய வில்லை ஒண்டு, வெள்ளையாப் பூத்துக் கிடக்கு."

"என்ன சாமி?"

"வேல் பிடிச்சிருக்கிறார்."

"முருகனோ? ஜெர்மன்காரன் வீட்டிலையோ?"

"அவர் வேறை ஆரோ எண்டு சொல்லுறார். எனக்கெண்டால் அப்பிடித் தெரியேல்லை."

"அவங்களுக்கு எங்கை தெரியப்போகுது. முருகனைப் போய் ஊத்தையோடை வைச்சிருக்கிறானே பாவி. புளியைப் போடு. புளிக்குப் போகாத ஊத்தை உலகத்திலை இல்லை."

மேலிடத்து அனுமதி கிடைத்துவிட்டது. விளக்கு கிடந்த அதே கிண்ணத்தில் முத்திரையையும் இறக்கினேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று ஒரு பழமொழி இருக்கிறது. சிறுவயதிலிருந்து எத்தனையோ பேரைக் குத்திக் காட்ட அதைச் சொல்லியிருக்கிறேன். என் கண்ணுக்கு முன்னால், ஒரே புளித்தண்ணீருக்குள், உண்மையாகவே பித்தளை ஈயத்தைப் பார்த்து இளித்துக்கொண்டு கிடந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முன்னோர் காரணமில்லாமலா ஈயத்தைத் தனியாக எடுத்துச் சொன்னார்கள்?

புளிக்குள் அது மெல்லிசாக நுரைத்தது. நல்ல சகுனம் என்று எண்ணினேன். எடுத்து, சட்டி தேய்க்கும் பச்சை நார்த் துணியால் நாலு இழுப்பு இழுத்தேன். ஈயம் நகம் பட்டாலே கோடு விழுகிற வெண்ணெய்ச் சாமான் என்பது எனக்கு அன்று தெரியாது. கழுவித் துடைத்தபோது வெள்ளிக் காசுபோல மினுங்கியது. வேல்காரரின் மூக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் சப்பையாக இருப்பதுபோலப் பட்டது. அந்தக் காலத்து ஆட்களின் மூக்கு அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன். சந்தனப் பொட்டு ஒன்று வைக்கத்தான் கை போனது. வீட்டுக்காரர் வேற்றுச் சமயம், பிழையாக நினைப்பார் என்று அடக்கிக்கொண்டேன். (அன்றைய நாளில் எனக்கு வேலை செய்த ஒரே புத்தி அது.) பஞ்சு மெத்தையில் படுக்கவைத்து, பெட்டியை மூடி, ஹெர் ஓஸ்டர்மான் அழகாக வெட்டிய தலையோடு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். நாளைக்கு அவரே திறந்து பார்த்து அதிசயப்படட்டும்.

அவர் அதிசயப்பட்டார். அதில் குறையில்லை.

ஞாயிறு பின்னேரம் பிராந்திய ரயிலில் வந்து இறங்கிய நீனோ, கறுப்பு முடியும் பெரிய சிரிப்புமாக, என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருந்தாள். கைலாகு கொடுத்தவள் விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே சுகம் விசாரித்தாள். எங்கள் ஊர் ஆட்களைப்போலத்தான். நான் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, என் பங்குக்குப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு போகாமல் அங்கேயே நின்றேன். பாராட்டு வரும்போது ஆள் அறையில் இருக்க வேண்டும் அல்லவா?

ஹெர் ஓஸ்டர்மான் சுருட்டுப் பெட்டியை முன்னால் வைத்து, தளபதியைப் பற்றி ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். பிறகு பெட்டியைத் திறந்தார். ஜன்னல் வெயில் உள்ளே விழுந்து பட்டென்று எதிரொளித்தது. நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "இது என்னுடையது இல்லை" என்றார்.

நீனோ எட்டிப் பார்த்தாள்.

"இது புதிதாக வார்த்த போலி. யாரோ உண்மையானதை எடுத்துக்கொண்டு இதை வைத்திருக்கிறார்கள்." அவருடைய வெட்டிய தலை காதுவரை சிவந்திருந்தது. "நான் போலீஸைக் கூப்பிடப் போகிறேன்."

அந்த வீட்டுச் சாவி வைத்திருப்பது உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போனை நோக்கி நடக்கிறார். மற்றவள் ரோல்ஸ் தட்டோடு நிற்கிறாள். மேசையில் கையெழுத்தில்லாத ஒப்பந்தம். வெள்ளவத்தையில், சூட்கேஸ்கூட வாங்கி வைத்துவிட்ட ஒரு மனிதர். போலீஸ் காகிதத்தில் என் பெயர் ஏறினால் அந்த நல்ல பெண்மணி கட்டிலைப் பற்றிக் கேட்கமாட்டார், வேறு ஏதாவது கேட்பார். சொல்லவேண்டியது ஒரே வசனம்தான், நான் கழுவினேன் என்று. அந்த ஒரு வசனம் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் மானமும் சேர்ந்து போகும்.

அதற்குள் நீனோ முத்திரையை எடுத்து மூக்கருகே கொண்டு போனாள். ஒருமுறை மோந்து, புருவத்தைத் தூக்கி, மறுபடி மோந்தாள்.

"ஹெர் ஓஸ்டர்மான், போலிக்குச் சாப்பாட்டு வாசனை வராது. இது புளிக்கிறது. எங்கள் வீட்டுப் புளிப்புப் பிளம்ஸ் சட்னிபோல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். புளிக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று அன்று எனக்குத் தெரியாது. தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த புளிக்கட்டியை அப்படியே கொண்டுவந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். கறுப்பாக, நாரும் கொட்டையுமாக, விழுந்து கிடந்த ஏதோ பிராணிபோல இருந்தது. ஹெர் ஓஸ்டர்மான் கேக் முள்ளுக்கரண்டியால் அதை ஒருமுறை குத்திப் பார்த்தார்.

"நீங்கள்... இதைக் கொண்டு..."

"கழுவினேன்" என்றேன். முள் விழுந்துவிட்டது. அதன்பின் நிற்கவில்லை. பித்தளை விளக்கு, வெள்ளைப் பூப்பு, மச்சாளின் தீர்ப்பு எல்லாம் கொட்டினேன். கடைசியில் கைப்பையிலிருந்து சட்டைப்பை அளவு முருகன் படத்தை எடுத்து முத்திரைக்குப் பக்கத்தில் வைத்து, "இவர்தான் அவர் என்று நினைத்தேன்" என்று முடித்தேன்.

அந்தப் படத்தையும் முத்திரையையும் நீனோ மாறி மாறிப் பார்த்தாள். முருகனின் வேலைப் பார்த்தாள், புனிதரின் ஈட்டியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு தாங்காமல் கதிரையில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். நடுவில் ஒருமுறை மட்டும் நிறுத்தி, அந்தப் புளித்தண்ணீரைச் சமையலுக்குப் பாவித்தாயா, ஈயம் நஞ்சு, தெரியுமா என்று பயந்து கேட்டாள். கொட்டிவிட்டேன் என்றதும் விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.

ஹெர் ஓஸ்டர்மான் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மெதுவாகச் சாத்தினார்.

நான் ஒப்பந்தத்தைப் பார்த்தேன். பேனா அசையாமல் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். முருகனைக் குளிப்பாட்டப் போய்ப் புருஷனைத் தொலைத்த கதை எந்தப் புராணத்திலும் இல்லை.

நீனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஜன்னலருகே போய் முத்திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சிரிப்பு நின்று உதடுகள் தனியே அசையத் தொடங்கின. ஏதோ வாசிக்கிறாள் என்று விளங்கியது. பிறகு சாத்திய கதவைப் பார்த்து, கொஞ்சம் உரக்க, குடும்பப் பெயர் தெரிகிறது என்றாள். அது ஜோர்ஜியப் பெயர்தான், அவளுடைய மாகாணத்துப் பெரிய குடும்பமாம். கதவு திறக்கவில்லை. பதவியும் தெரிகிறது என்றாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"தளபதிதானே?" என்றது இடுக்கிலிருந்து ஒரு குரல்.

"இல்லை. எல்லையில் ஒரு சின்னக் கோட்டைக்குப் பொறுப்பாளர்."

கதவு முழுதாகத் திறந்தது. "அது முடியாது" என்று சொல்லிக்கொண்டே ஹெர் ஓஸ்டர்மான் வெளியே வந்தார். மனிதருக்குக் கோபத்தைவிட வாதம் பெரிது. இருவரும் ஜன்னலருகே தலையோடு தலை முட்ட நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் சண்டை பிடித்தார்கள். கேக் காய்ந்தது. ரோல்ஸ் மட்டும், யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமலே, தட்டில் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஹெர் ஓஸ்டர்மான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். ஆசிரியராக இருந்த காலமெல்லாம் தளபதி தளபதி என்று அவர் கொண்டாடியவரின் பதவியை என் புளி ஒரே குளிப்பில் இறக்கிவிட்டது.

ஆனால் புளி கொடுத்ததைப் பச்சை நார்த் துணி எடுத்துவிட்டது. குடும்பப் பெயருக்கு மேலே இருந்த வரி, அந்த மனிதரின் சொந்தப் பெயர், தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது. அதை இனி யாராலும் வாசிக்க ஏலாது என்று நீனோ சொன்னபோது அவளும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் சுட்டது. யோகராணியை வெட்டி யோகா ஆக்கியதற்கே உள்ளுக்குள் நொந்தவள் நான். ஊரைவிட்டு வந்த ஒருவன் ஈயத்தில் குத்தி, ஆயிரம் வருடம் காப்பாற்றி வைத்திருந்த பெயரை, ஒரு சனிக்கிழமை மத்தியானம் சட்டி தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழில்தான் வந்தது. ஹெர் ஓஸ்டர்மானுக்கு அது விளங்கியதுபோல இருந்தது. விளக்கை எடுத்துப் பையில் வைத்தேன். பால்சட்டியையும் வைத்தேன்.

நீனோதான் பேசினாள், என்னிடம் அல்ல, அவரிடம்.

"எங்கள் ஊரில் விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்று சொல்வார்கள். இந்தக் கோட்டைக்காரன் மலையிலிருந்து இறங்கி வந்த அன்று அவனுக்கும் படுக்க இடம் இருந்திருக்காது. யாரோ ஒரு கிரேக்கர் தன் வீட்டு மேல்மாடியைக் கொடுத்திருப்பார், ஹெர் ஓஸ்டர்மான்."

ஹெர் ஓஸ்டர்மான் மூக்கில்லாத புனிதரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அந்தக் கிரேக்கருடைய சாமான்களை அவன் புளி போட்டுக் கழுவினானா?" என்றார்.

"அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்றாள் நீனோ, ஆராய்ச்சிக்காரியின் முகத்தோடு.

அவருடைய மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சத்தியமாகச் சிரிப்பென்று சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தை இழுத்து, பக்கங்களைப் புரட்டி, படிக்கட்டுத் துப்புரவு என்ற பிரிவில் நிறுத்தினார். குடியிருப்பவர் ஒன்றைவிட்ட கிழமை படிக்கட்டைக் கழுவ வேண்டும் என்று அங்கே இருந்தது, எல்லா ஜெர்மன் வீட்டு ஒப்பந்தங்களையும்போல. அதைக் கோடு போட்டு வெட்டினார். ஓரத்தில் பள்ளிக்கூட எழுத்தில் எழுதினார்: "படிக்கட்டைக் குடியிருப்பவரின் கணவர் கழுவுவார். குடியிருப்பவர் இந்த வீட்டில் தன் சொந்தப் பொருட்களைத் தவிர வேறெதையும் கழுவக்கூடாது." பிறகு, அதற்குக் கீழே, கையெழுத்து வைத்தார். அழுத்தமாகத்தான் வைத்தார். காகிதம் கிழியாதது அதிசயம்.

அன்று மேல்மாடியில் பால் பொங்கியபோது நீனோ கைதட்டினாள். ஹெர் ஓஸ்டர்மான், தன் இழுப்பறைகளின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று பார்த்தார். பால் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார், இதில் அந்தப் புளி இல்லையே என்றும் கேட்டார்.

வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, வீடு கிடைச்சிட்டுது."

"உண்மையோ? கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"ஓம். ஆனா ஒண்டு. படி நீங்கள்தான் கழுவோணும்."

"என்ன படி?"

"வாங்கோவன், சொல்லுறன்."

வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண்மணி அந்த ஓரக் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இத்தனை வருட வேலையில் சுத்தம் செய்யத் தடை விதிக்கப்பட்ட ஒருவரைத் தான் கண்டதில்லை என்றார். நீங்கள் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மேசை லாச்சியை இழுத்து ஷ்டெம்பலை எடுக்கும்போது தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. டக் என்று குத்தினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் புருஷன் வந்தது அந்த டக்கில்தான்.

அவர் அடுத்த வசந்தத்தில் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் ஹெர் ஓஸ்டர்மான் கைலாகு கொடுத்து வரவேற்று, மற்றக் கையால் வாளியைக் கொடுத்தார். தாய் வீட்டில் தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தானே எடுத்தறியாத மனிதர். இன்றைக்கும், ஒன்றைவிட்ட சனிக்கிழமைகளில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் படிகளை அவர்தான் கழுவுகிறார். அயல்வீட்டு ஜெர்மன் பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

முத்திரையைப் பற்றி ஹெர் ஓஸ்டர்மானும் நீனோவும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் என் பெயர் இல்லை. ஆனால் அடிக்குறிப்பு ஒன்றில், இந்தப் பொருள் முறையற்ற விதத்தில் புளியால் சுத்தம் செய்யப்பட்டது என்று இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகத்தில் ஏறியது எங்கள் புளிதான் என்று மச்சாள் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறாள். தீர்ப்புச் சொன்னது யாரென்பதை மட்டும் சொல்வதில்லை.

வீட்டுக்குப் புது ஆட்கள் வந்து, ஏன் அண்ணை நீங்கள் படி கழுவுறியள் என்று கேட்டால் இவர் வாளியை இறக்கி வைப்பார். துடைப்பத்தில் சாய்ந்துகொள்வார். எனக்குத் தெரியும், இனி அடுப்பில் தேத்தண்ணீர் வைக்கலாம், கதை முடிய நேரம் எடுக்கும். ஆனால் தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்.

"எனக்கு இந்த வீட்டை எடுத்துத் தந்தவர் ஒரு ஜோர்ஜியாக்காரர். அவரின்ரை மூக்கை எடுத்தது என்ரை மனிசி."

(மூக்கு அவருடையதல்ல, புனிதருடையது. அந்த ஜோர்ஜியாக்காரரிடம் நான் எடுத்தது பெயர். எத்தனை தரம் சொன்னாலும் இவருக்கு ஏறாது.)